பாதி வாடகை

ரத்தினபாய் டீச்சரின் குடும்பம் ரயில் பாதையை ஒட்டியே தெற்குப் பக்கமாக நகர்ந்துகொண்டு வந்தது. கல்யாணமான புதிதில் சைதாப்பேட்டையில் இருந்தார்கள். அங்கே வாடகை ஏறியதும் பரங்கிமலைக்கு வந்தார்கள். பரங்கிமலை வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம் என்று இடத்தைத் திருப்பிக் கேட்டார், பல்லாவரத்துக்குப் போனார்கள். பிறகு குரோம்பேட்டை. கடைசியில் தாம்பரம். ஒவ்வொரு தடவையும் அவள் கணவர் அசரியா, இதுதான் கடைசி என்று சொல்லிக்கொண்டே மூட்டை கட்டுவார். மின்சார ரயில் தாம்பரத்தோடு நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் எங்கே போவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவள் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு எடுத்தாள். அசரியாவுக்குக் கிண்டியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர் வேலை. பியூலா என்று ஒரே பெண். இரண்டு சம்பளம் வருகிற வீடு என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஆனால் எழுபத்து மூன்றாம் வருஷம் எல்லாம் சேர்ந்துகொண்டது. அரிசி, எண்ணெய், சர்க்கரை என்று வாரத்துக்கு ஒன்று விலை ஏறியது. மின்வெட்டினால் கம்பெனியில் மிஷின்கள் பாதி நாள் ஓடவில்லை. ஓடாத நாளுக்கு அசரியாவுக்குச் சம்பளமும் இல்லை. இந்த நேரம் பார்த்துத் தாம்பரத்து வீட்டுக்காரர் வந்து, வாடகையை ஒன்றரை மடங்காக்கப் போவதாகவும், முடியாது என்றால் வருத்தப்படாமல் காலி செய்துவிடலாம் என்றும் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முதல் ரத்தினபாய்க்கு இருப்புக் கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே வீட்டுக்கு வரமாட்டாள். சேலையூர்ப் பக்கம் ஒரு நாள், முடிச்சூர் சாலைப் பக்கம் ஒரு நாள் என்று தெருத் தெருவாக நடந்தாள். கதவு திறந்திருக்கிற வீடுகளில் எல்லாம் விசாரித்தாள். கறி மீன் சமைப்பீர்களா என்று ஒருவர் கேட்டார். எத்தனை பேர் குளிப்பீர்கள் என்று ஒருவர் கேட்டார். இரண்டையும் கேட்காத இடத்தில் அட்வான்ஸ் என்று ஒரு தொகை சொன்னார்கள், அதைக் கேட்டு அவள் குடையை மடக்கிக்கொண்டு திரும்பி வந்தாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே சைக்கிள் கடை வைத்திருந்த தனசிங் வீட்டுத் தரகும் பார்த்தார். அவர்தான் ஒரு சனிக்கிழமை அவளை மேற்குத் தாம்பரத்தில் வேதாசலம் என்பவருடைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். புதிதாகக் கட்டிய வீடு. ஒரு கூடம், இரண்டு அறை, பெரிய சமையல்கட்டு, பின்னால் கிணறு. வேதாசலம் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார், குடியிருப்பு மாம்பலத்தில். கட்டின வீட்டைக் கொஞ்ச காலம் வாடகைக்கு விட்டுக் கடனை அடைக்கலாம் என்று எண்ணம்.

அங்கே அவளுக்கு முன்பே ஒரு பெண் வந்திருந்தாள். இடுப்பில் மூன்று வயசுக் குழந்தை. கறுப்புப் பர்தாவின் முகத்திரையைத் தூக்கித் தலைக்கு மேல் போட்டிருந்தாள். வேதாசலம் அவளிடம் கணவர் என்ன செய்கிறார் என்று கேட்டார். பல்லாவரத்தில் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை, பேர் பக்கீர் முகமது என்று அவள் சொன்னாள். வேதாசலம் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, வீட்டை ஏற்கெனவே ஒருத்தருக்குப் பேசி முடித்தாகிவிட்டது என்றார். அவள் படியிறங்கியதும் ரத்தினபாயைப் பார்த்து, “நீங்க உள்ள போய்ப் பாருங்க டீச்சர்” என்றார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. வாடகையைச் சொன்னபோது, தன் சம்பளத்தில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு நடந்தாள்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. கூட்டத்தில் அந்தப் பெண்ணும் நின்றுகொண்டிருந்தாள். வெயிலுக்குக் குழந்தை சிணுங்கவே ரத்தினபாய் தன் குடையை அந்தப் பக்கம் சாய்த்தாள். பேச்சு வந்தது. அவள் பெயர் பஷீரா. பல்லாவரத்தில் அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகளை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டப் போகிறார்களாம். குழந்தை நஃபீசாவுக்கு மூச்சிழுப்பு, இனித் தோல் ஷாப்புப் பக்கத்திலேயே இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். பஷீரா இதையெல்லாம் குறையாகச் சொல்லவில்லை, கடைக்கணக்குச் சொல்கிறவள் மாதிரி சொன்னாள்.

“அந்த வூடு உங்களுக்குத்தானே, டீச்சர்?”

“அவ்வளவு வாடகை என்னால முடியாதும்மா.”

ஒரு கூட்ஸ் வண்டி நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடிகிற வரைக்கும் பஷீரா குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்:

“நீங்க உங்க பேர்ல எடுங்க. பாதி நாங்க குடுக்கறோம். ஒரு ரூம் போதும் எங்களுக்கு.”

இப்படித்தான் அது தொடங்கியது. உள்வாடகை விட்டால் அதையே காரணமாகக் காட்டி வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லலாம் என்று அசரியா எச்சரித்தார். ஆனால் அவரிடமும் வேறு யோசனை இல்லை. பக்கீர் முகமது ஒரு தடவை வந்து அசரியாவைப் பார்த்தார். மெலிந்த மனிதர், கைகளில் தோல் பதனிடும் மருந்தின் கறை நகத்துக்குள் வரை ஏறியிருந்தது. வாடகை ஒன்றாம் தேதி கையில் இருக்கும், அதற்கு நான் பொறுப்பு என்று மட்டும் சொன்னார். அந்த மாதமே இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில் குடியேறின.

வேதாசலம் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை ரயிலில் வந்து வாடகை வாங்கிக்கொண்டு போவார். அன்றைக்கு மட்டும் வீட்டில் ஒரே குடும்பம் இருக்க வேண்டும். விடிந்ததும் பஷீரா சுவரில் மாட்டியிருந்த அரபி எழுத்துப் படத்தைக் கழற்றிப் பெட்டியில் வைப்பாள். கொடியில் கிடக்கும் லுங்கிகளை எடுப்பாள். அறையைப் பூட்டிச் சாவியை ரத்தினபாயிடம் கொடுத்துவிட்டு, மூன்று பேரும் பல்லாவரத்தில் பக்கீர் முகமதுவின் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவார்கள். வேதாசலம் கேட்டால், அந்த அறையில் அசரியாவின் தம்பி சாமான்கள் கிடக்கின்றன என்று பதில் தயாராக இருந்தது. அவர் கேட்கவில்லை. சுவரில் எங்காவது ஆணி அடித்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும்போது நஃபீசா தூங்கிப் போய் அப்பா தோளில் கிடப்பாள்.

மற்ற நாட்களில் வீடு நன்றாகவே ஓடியது. கிருஷ்ணாயில் வரிசையில் பஷீரா நின்றாள், ரேஷன் வரிசையில் அசரியா நின்றார். கிணற்றடியில் இரண்டு பேர் பாத்திரத்தையும் ஒன்றாகப் போட்டு யார் முதலில் வருகிறார்களோ அவர்கள் துலக்கினார்கள். பெருநாளைக்குப் பஷீரா பிரியாணி கொடுத்தாள், கிறிஸ்துமஸுக்கு ரத்தினபாய் அதிரசம் சுட்டாள். பியூலா நஃபீசாவை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். அந்தக் குழந்தை ரத்தினபாயை ‘டீச்சரத்தை’ என்று கூப்பிடப் பழகியிருந்தது.

ஆனாலும் ரத்தினபாய்க்கு நிம்மதி கிடையாது. தெருவில் யாராவது சைக்கிளை நிறுத்தினால் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்ப்பாள். பக்கத்து வீட்டுக்காரி இரண்டு வார்த்தை கூடப் பேசினால், என்ன தெரிந்துகொள்ளக் கேட்கிறாள் என்று அன்றைக்கு முழுவதும் யோசிப்பாள். சோற்றுக்கு உலை வைத்துவிட்டு மறந்து நிற்பாள். சொந்த வீட்டில் திருடி மாதிரி இருக்கிறோமே என்று அசரியாவிடம் சொன்னாள். இது சொந்த வீடு இல்லையே என்றார் அவர்.

எழுபத்து நாலாம் வருஷம் மே மாதம் ரயில்வே வேலைநிறுத்தம் வந்தது. வண்டிகள் ஒழுங்காக ஓடவில்லை. இரண்டாம் ஞாயிறு பஷீரா குடும்பம் பஸ்ஸில் தொத்திக்கொண்டு பல்லாவரம் போய் வந்தது, ஆனால் வேதாசலம் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இவர்கள் போய் வந்தார்கள், அவர் வரவில்லை. மூன்றாம் தடவையும் போக வேண்டுமா என்று பஷீரா கேட்டாள். ரயில் ஓடத் தொடங்கினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று ரத்தினபாய்தான் சொன்னாள்.

வேலைநிறுத்தம் முடிந்த வாரத்தில், ஒரு புதன்கிழமை முற்பகல். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. அசரியாவும் பக்கீர் முகமதுவும் வேலைக்குப் போயிருந்தார்கள். பஷீரா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் கூடத்தில் முறத்தில் அரிசியைப் போட்டுக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெளிக்கதவு திறக்கும் சத்தம் கேட்டுத் தலையைத் தூக்கினால், வேதாசலம் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டு வந்ததாகச் சொன்னார். வெயில் தாங்கவில்லை, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள் என்றார். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போக, அவர் காலைக் கழுவிக்கொள்ளலாம் என்று நேரே கொல்லைப்பக்கம் நடந்துவிட்டார். செம்போடு ரத்தினபாய் ஓடி வந்தபோது அவர் கிணற்றடியில் நின்று பஷீராவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து நஃபீசா தூக்கம் கலைந்து, பஷீராவின் அறையிலிருந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து தாயின் முதுகைக் கட்டிக்கொண்டது.

“இது யார், டீச்சர்?” என்று கேட்டார் வேதாசலம்.

கடையில் மீதிச் சில்லறை கேட்பது போலத்தான் கேட்டார். பல மாதமாக அவள் மனசுக்குள் எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தாள். சினேகிதி, உடம்பு சரியில்லாமல் வந்து தங்கியிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிறவள். அதில் ஒன்று கூட வாயில் வரவில்லை. பஷீராவின் கையில் சாம்பல் அப்பியிருந்தது, அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்ததும் வாயில் வந்தது இதுதான்.

“பாத்திரம் தேய்க்கிற பொண்ணு, சார். குழந்தையையும் கூட்டிட்டு வந்துடும். அதைத்தான் அந்த ரூம்ல படுக்க வெச்சேன்.”

பஷீரா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். ஒரு கணம்தான். பிறகு பாத்திரத்தைத் தேய்க்கத் தொடங்கினாள். முன்பு வாசலில் நின்று வீடு கேட்டவள் இவள்தான் என்று வேதாசலத்துக்கு நினைவில்லை. அன்று அவர் அவள் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை.

அவர் அதோடு விட்டிருக்கலாம். கிணற்றுக் கல்லில் பாசி ஏறியிருக்கிறது, அதையும் தேய்த்து விடச் சொல்லுங்கள் என்றார். பஷீராவே எழுந்து தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கல்லைத் தேய்த்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வேலை சுத்தமாக இருக்கிறதே, சேலையூரில் என் தங்கை வீட்டுக்கும் ஆள் தேவைப்படுகிறது, போகிறாயா என்று கேட்டார்.

“டீச்சர் வூட்டு வேலையே சரியா கீது, சார்” என்றாள் பஷீரா.

அவர் வாடகையை வாங்கிக்கொண்டு போனார். ரத்தினபாய் வெளிக்கதவைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்கு வந்தாள். பஷீரா பாத்திரங்களைப் பிரித்து வைத்திருந்தாள். தன் வீட்டு அலுமினியப் பாத்திரங்கள் ஒரு பக்கம், டீச்சர் வீட்டுப் பாத்திரங்கள் ஒரு பக்கம். எல்லாம் துலக்கி முடித்திருந்தது.

ரத்தினபாய், வேறென்ன சொல்ல முடியும், வாயில் அதுதான் வந்தது என்று தொடங்கினாள். பஷீரா கையைக் கழுவியபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை என்று ரத்தினபாய்க்கு இருந்தது.

“ஒளிஞ்சிக்கறதுக்கு நான்தான் ஒத்துக்கினேன், டீச்சர். வேலக்காரியா இருக்க ஒத்துக்கல.”

அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் பக்கீர் முகமது வந்து கூடத்தில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அடுத்த மாதம் தாங்கள் போய்விடுவதாகவும், அதுவரைக்கும் உள்ள வாடகையில் குறை வராது என்றும் அசரியாவிடம் சொன்னார். எங்கே போவீர்கள் என்று அசரியா கேட்டார். தெரியவில்லை, அண்ணன் வீட்டில் கொஞ்ச நாள் பார்க்க வேண்டும் என்றார். அண்ணன் வீடு தோல் ஷாப்பின் மதிலை ஒட்டி இருக்கிறது என்பது ரத்தினபாய்க்குத் தெரியும். குழந்தையின் மூச்சு அவள் காதில் கேட்பது போல இருந்தது.

அசரியா அவளைத் திட்டவில்லை. வேறு யாராவது ஒரு குடும்பத்தைப் பாதிக்குப் பிடித்துவிடலாம், தனசிங்கிடம் சொல்லி வைக்கட்டுமா என்று கேட்டார். அவளுக்கு அதுதான் தாங்கவில்லை. இன்னொருத்தியைக் கொண்டுவந்து அதே அறையில் வைத்து, அதே இரண்டாம் ஞாயிறு வெளியே அனுப்ப வேண்டும். அவள் எழுந்து வாசலுக்கும் கொல்லைக்குமாக நடந்தாள். நடந்து நடந்து, தெருவில் பால் வண்டி போகிற வரைக்கும் நடந்தாள். அந்த வாரம் முழுவதும் பஷீரா அவள் இல்லாத நேரம் பார்த்தே சமையல்கட்டுக்கு வந்தாள். நஃபீசா மட்டும் எப்போதும் போல ‘டீச்சரத்தை’ என்று வந்து காலைக் கட்டிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ரத்தினபாய் பியூலாவை அசரியாவோடு வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு மாம்பலத்துக்கு டிக்கெட் வாங்கினாள். எதற்கு என்று அவர் கேட்டதற்கு, உள்ளதைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றாள். சொன்னால் வீடு போய்விடும் என்றார். போனால் போகட்டும் என்று அவள் சொல்லவில்லை. ஆனாலும் ரயிலில் ஏறினாள்.

தாம்பரத்தில் அவ்வளவு நல்ல வீடு கட்டியவர் மாம்பலத்தில் பங்களாவில் இருப்பார் என்று நினைத்திருந்தாள். விலாசத்தை விசாரித்துக்கொண்டு போனால், ஒரு சந்துக்குள் நீளமான பழைய கட்டடம். இரண்டு பக்கமும் வரிசையாகக் கதவுகள். நடுவில் ஒரே ஒரு குழாய், அதைச் சுற்றிக் குடங்கள். வேதாசலம் பனியனும் வேட்டியுமாக, கையில் வாளியோடு அந்த வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் வாளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஒரே அறை. அதை மூங்கில் தட்டி வைத்து இரண்டாகத் தடுத்திருந்தார்கள். அவருடைய மனைவி மெத்தையைச் சுருட்டி அவள் உட்கார இடம் செய்து கொடுத்தாள். ரத்தினபாய் காப்பி வரும் வரைக்கும் கூடக் காத்திருக்கவில்லை. தொடக்கத்திலிருந்தே இரண்டு குடும்பமாகத்தான் இருக்கிறோம், பாதி வாடகை அவர்களுடையது, அன்றைக்குக் கிணற்றடியில் பார்த்தவள் வேலைக்காரி இல்லை, பாதி வீட்டுக்கு வாடகை கொடுக்கிறவள் என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். முதல் நாள் வாசலிலிருந்து நீங்கள் திருப்பியனுப்பியவளும் அவள்தான் என்றாள்.

வேதாசலம் கத்துவார் என்று எதிர்பார்த்து முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அவர் கத்தவில்லை.

“அந்தப் பொண்ணையா நான் தங்கச்சி வீட்டு வேலைக்குக் கூப்பிட்டேன்?”

“ஆமாம், சார்.”

அக்கம்பக்கத்தில் என்ன சொல்வார்களோ என்றுதான் அன்றைக்கு அவர்களை வேண்டாம் என்றேன், மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை என்றார். அவளிடம் சொன்னாரா, மனைவியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. மனைவி தட்டிக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள்.

பிறகு அவர் சொன்னதுதான் ரத்தினபாய் எதிர்பாராதது. இந்தக் கட்டடத்தை யாரோ வாங்கிவிட்டார்களாம். இடித்து லாட்ஜ் கட்டப் போகிறார்களாம். எல்லாக் குடித்தனத்துக்கும் சொல்லிவிட்டார்கள். அவருக்கும் இந்த வருஷத்தோடு உத்தியோகம் முடிகிறது. மாம்பலத்தில் இனி வேறு இடம் பார்க்கிற வாடகைக்கு அவருடைய பென்ஷன் எட்டாது. ஆவணி பிறந்ததும் தாம்பரத்துக்கே வந்துவிடுவது என்று முடிவு செய்து, அதைச் சொல்லத்தான் அன்றைக்கு லீவு போட்டு வந்தாராம். உங்கள் முகத்தைப் பார்த்ததும் சொல்ல வாய் வரவில்லை என்றார்.

“நீங்க உண்மையைச் சொன்னாலும் சொல்லாட்டாலும் ஆவணியில வீடு எனக்கு வேணும், டீச்சர். கோர்ட்டு அது இதுன்னு போகாம பாத்துக்குங்க.”

திரும்பி வரும்போது ரயிலில் உட்கார இடம் இருந்தும் அவள் கதவருகே நின்றுகொண்டாள். சைதாப்பேட்டை வந்தது, பரங்கிமலை வந்தது, பல்லாவரம் வந்தது. தான் குடியிருந்து காலி செய்த ஊர்கள் எல்லாம் வரிசையாக வந்து போயின. ஒரு வீட்டைக் காப்பாற்ற ஒரு பொய் சொன்னோம், அந்த வீடு அப்போதே நம் கையில் இல்லையே என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை, யாரையாவது அடிக்க வேண்டும் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நேரே பஷீராவின் அறைக்கதவைத் தட்டினாள். பஷீரா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ரத்தினபாய் வாசற்படியிலேயே நின்று, மாம்பலத்தில் பார்த்ததையும் சொன்னதையும் கேட்டதையும் சொன்னாள். அந்த ஆள் வாளியோடு குழாயடியில் நின்றார் என்றபோது பஷீராவின் கை ஒரு முறை நின்றது.

“அப்போ உங்களுக்கும் வூடு இல்ல.”

“இல்லை.”

பஷீரா மூட்டையின் முடிச்சை இறுக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை அப்படியே தள்ளி வைத்துவிட்டு, “உக்காருங்க” என்றாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. ரத்தினபாயும் கேட்கவில்லை. நஃபீசாவுக்கு அன்று காலையிலிருந்து இருமல் இல்லை என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். எழுந்திருக்கும்போது ரத்தினபாய் கேட்டாள், சேர்ந்தே தேடலாமா என்று. இந்தத் தடவை இரண்டு குடும்பம் என்று சொல்லித்தான் கேட்பது. கிடைக்காவிட்டால் போகிறது.

“கெடைக்காது, டீச்சர்” என்றாள் பஷீரா. ஆனால் மறுநாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பி வந்தாள்.

அவள் சொன்னது போலவே கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் இரண்டு பேரும் அலைந்தார்கள். இரண்டு குடும்பம் என்றதுமே கதவைச் சாத்தினார்கள். சிலர் டீச்சரை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, நீங்கள் மட்டும் என்றால் பார்க்கலாம் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார்கள். ஒரு வீட்டில் கிணறும் நன்றாக இருந்தது, வாடகையும் கொஞ்சம் குறைவு. மூச்சைப் பிடித்துக்கொண்டால் தனியாகவே சமாளிக்கலாம். ரத்தினபாய் அங்கே சரி என்று சொல்லிவிடுவாள் என்றே பஷீரா நினைத்து, தெருமுனைக்குப் போய் நின்றுகொண்டாள். ரத்தினபாய்க்கும் ஆசையாகத்தான் இருந்தது. அந்த வீட்டுக் கூடத்தைச் சுற்றி ஒரு முறை பார்த்தாள், பியூலா படிக்கிற மேஜையை எங்கே போடலாம் என்று கூட நினைத்துவிட்டாள். பிறகு வெளியே வந்து தெருமுனைக்கு நடந்தாள். இருவரும் அடுத்த தெருவுக்குத் திரும்பினார்கள்.

ஆடி மாதம் பிறந்தது. தனசிங் ஒரு நாள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். ஆடியில் யாரும் புது வீட்டுக்குக் குடிபோகமாட்டார்கள், அதனால் காலியாகக் கிடக்கிற வீடுகள் அப்படியே கிடக்கின்றன, உங்கள் இரண்டு பேருக்கும் ஆடி ஒன்றும் தடை இல்லையே என்றார். ரத்தினபாய்க்கு இது ஏன் முன்பே தோன்றவில்லை என்று இருந்தது.

வீடு சிட்லபாக்கத்தில். எருமை வைத்துப் பால் ஊற்றுகிற கங்கம்மா என்பவள் கட்டியது. கட்டியது என்று சொல்ல முடியாது, கட்டிக்கொண்டிருந்தாள். சுவருக்குப் பூச்சு இல்லை, செங்கல் அப்படியே தெரிந்தது. கரண்டும் இழுக்கவில்லை. ஸ்டேஷனுக்கு நல்ல நடை. காசு தீர்ந்துபோய் வேலையை நிறுத்தியிருக்கிறாள், ஆவணி வரைக்கும் காத்திருக்க அவளால் முடியாது.

ரத்தினபாய் முதலிலேயே சொல்லிவிட்டாள், நாங்கள் இரண்டு குடும்பம், இவர்கள் முஸ்லிம், நாங்கள் கிறிஸ்டியன் என்று. கங்கம்மா சாணிக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு இருவரையும் மேலும் கீழும் பார்த்தாள்.

“ரெண்டோ மூணோ, எனக்கு இன்னா? யாராச்சும் ஒருத்தர் ஓடிட்டா இன்னொருத்தர்கிட்ட கேக்க மாட்டேன். தனித்தனியா குடுங்க, தனித்தனியா வாங்கிக்கறேன்.”

“அதான் வேணும்” என்றாள் பஷீரா உடனே. “என் பேர்ல தனியா.”

ஆடி முடிவதற்குள் இரண்டு மாட்டுவண்டியில் சாமான்கள் போயின. வேதாசலம் சாவி வாங்க வந்திருந்தார். பஷீரா அறையைப் பெருக்கிவிட்டு வெளியே வந்தபோது அவர் ஒதுங்கி வழி விட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் போய்விட்டாள்.

சிட்லபாக்கத்து வீட்டில் மழைக்காலம் மோசமாக இருந்தது. பூச்சில்லாத சுவரில் தண்ணீர் ஊறி உள்பக்கம் வரைக்கும் இறங்கியது. கட்டில்களை எல்லாம் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டு படுத்தார்கள். அசரியாவுக்குக் கம்பெனியில் முழு வேலை திரும்பி வந்தது. ஆனால் விலைவாசியும் கூடவே வந்தது. நஃபீசாவின் மூச்சிழுப்பு குறைந்தது, நிற்கவில்லை. கிணற்றடியில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே துலக்குவார்கள். ஆனால் பஷீரா தன் பாத்திரத்தை மட்டும்தான் துலக்குவாள். ரத்தினபாய் பஷீராவின் பாத்திரத்தில் ஒன்றை எடுத்தாலும் வாங்கி வைத்துவிடுவாள். அது மாறவே இல்லை.

தை மாதம் கங்கம்மா வாடகையை உயர்த்தப் போவதாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்தே பேசப் போனார்கள். மாட்டுக்குத் தீனி விலை ஏறிவிட்டது என்று கங்கம்மா கணக்குச் சொன்னாள், அரிசி விலையை இவர்கள் சொன்னார்கள். வெகு நேரம் வாதாடியபின், சுவருக்குப் பூச்சு வேலையை இவர்களே செய்துகொண்டால் இந்த வருஷம் ஏற்றுவதில்லை, மணலும் சிமெண்டும் அவள் பொறுப்பு என்று முடிந்தது.

அடுத்த விடுமுறை நாளில் பக்கீர் முகமது ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தார். கூலியைக் குறைக்க நான்கு பேரும் சித்தாள் வேலை பார்த்தார்கள். அசரியா மணல் சலித்தார். ரத்தினபாயும் பஷீராவும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கலவைச் சட்டியைக் கைமாற்றி எடுத்துக் கொடுத்தார்கள். கொத்தனார் மட்டப்பலகையை வைத்து இழுக்க இழுக்க, சிவப்பாக இருந்த சுவர் சாம்பல் நிறமாகி வழவழவென்று வந்தது. ரத்தினபாய்க்கு அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஈரச் சுவரில் கையை வைத்துப் பார்க்கப் போய், தடம் விழுந்துவிடும் என்று எடுத்துக்கொண்டாள்.

“நல்லா வந்துகீது” என்றாள் பஷீரா. “இன்னும் வாடகைய ஏத்தலாம்னு தோணப்போவுது கங்கம்மாவுக்கு.”

ரத்தினபாய் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில், அப்படித்தான் நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. கொத்தனார் மேலே இருந்து கலவை கேட்டார். இருவரும் குனிந்து அடுத்த சட்டியைத் தூக்கினார்கள்.